பத்துக்கு எத்தனை?

செவ்வாய்க்கிழமை என்றால் என் வீட்டுக்காரர் காலை எட்டரைக்கெல்லாம் சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் தடவி வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு ஹாலில் உட்கார்ந்துவிடுவார். எங்கேயும் போவதற்கில்லை. ஒன்பது மணிக்கு ஒரு போன் வரும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. முகம் தெரிகிற போன்கூட இல்லை, வெறும் குரல். முப்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் எனக்காக இவர் சவரம் செய்துகொண்ட நாள் எது என்று யோசித்துப் பார்த்தேன். கல்யாண நாள் ஒன்று ஞாபகம் வந்தது. அன்றைக்கும் வேறு யாரோதான் செய்துவிட்டார்கள்.

போனில் பேசுகிறவளை எல்லாரும் ‘கோச்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. என்னிடமிருந்து அந்த ஒன்றாவது அவளுக்குக் கிடைக்காமல் போகட்டும். நேரில் நானும் கோச் என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டேன். மனதுக்குள் எப்போதும் ‘அவள்’தான்.

அவளை வீட்டுக்குள் கூட்டி வந்தவள் நானே என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவருக்குப் பார்க்கின்சன் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆரம்பக் கட்டம். வலது கை சும்மா இருக்கும்போது நடுங்கும். கையெழுத்து சிறுத்துக்கொண்டே போய், வரியின் கடைசியில் படிக்கவே முடியாது. மருந்து மட்டும் போதாது, உடம்பை அசைக்க வேண்டும், தினமும் வேர்க்கிற மாதிரி நடக்க வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நானும் சொன்னேன். கெஞ்சினேன், கத்தினேன், சோறு போட மாட்டேன் என்றேன், சாமி மேல் சத்தியம் வாங்கினேன். ஈப்போவிலிருந்து ஜொகூர் வரைக்கும் லோரி ஓட்டிய மனிதர், ஹாலிலிருந்து கேட் வரைக்கும் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் கிளினிக்கில் ஒரு தாதி, இந்த நோய்க்காரர்களை உடற்பயிற்சிக்குப் பழக்குகிற தொண்டர்கள் இருக்கிறார்கள், ஆறு மாதத்துக்கு வாரம் ஒரு போன், மாதம் ஒரு முறை வீட்டுக்கும் வருவார்கள் என்றாள். விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். அவருக்குத்தான் கை நடுங்குமே.

முதல் போன் வந்த அன்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒரு பத்துக் கட்டளையாவது வரும், எழுதிக்கொள்ளலாம் என்று நோட்டுப் புத்தகம்கூட எடுத்து வைத்திருந்தேன்.

“அண்ணே, நடக்கணும்னு டாக்டரு சொல்லியிருப்பாரு, அக்காவும் சொல்லியிருப்பாங்க. அத விடுங்க. உங்களுக்கு என்ன செய்யணும்னு இருக்கு?” என்று கேட்டாள்.

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதெல்லாம் இந்த ஒன்றுதான். கேட்பாள், கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். எனக்கு அது ஆகாத காரியம். அந்த மௌனத்தில் நானாக இருந்தால் நாலு யோசனை சொல்லி, அதில் இரண்டுக்கு நானே பதிலும் சொல்லியிருப்பேன். போன் துண்டித்துப் போயிற்றோ என்று எட்டிக்கூடப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் இவர் தொண்டையைச் செருமினார்.

“பாடாங் வரைக்கும் போய்ட்டு வரணும். தனியா.”

எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, குனோங் ராபாட்டில் இருக்கிறது. தெருக்கோடியில் சுண்ணாம்பு மலை, அதற்கு முன்னால் பிள்ளைகள் பந்து விளையாடுகிற பாடாங். நடந்தால் பத்து நிமிடம். அங்கே போக வேண்டும் என்று இவருக்கு ஆசை இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“நாளைக்குப் போவீங்கன்னு எவ்ளோ நிச்சயமா இருக்கு? பத்துக்கு எத்தனை?”

“எட்டு” என்றார் இவர், பெரிய வீரனாட்டம்.

“ஏன் ஏழு இல்ல?”

இவர் முழித்தார். நானும் முழித்தேன். எட்டு என்றால் ஏன் பத்து இல்லை என்றுதானே ஊரில் கேட்பார்கள்? பரீட்சையில் என் பிள்ளைகளை நான் அப்படித்தான் கேட்டு வளர்த்தேன். இவள் கீழே இறங்கிக் கேட்கிறாள். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “இல்லம்மா, காலு நல்லாத்தான் இருக்கு. காலைல வெயிலும் இல்ல. நடந்தா ராத்திரி தூக்கம் வருது. கையும் கொஞ்சம் அடங்குது” என்று அடுக்கினார்.

ஒரு வருடமாகத் தொண்டை கிழிய நான் சொன்ன காரணங்கள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும், யாரோ ஒருத்திக்குத் தன் வாயாலேயே எடுத்துச் சொல்கிறார். மறுநாள் காலையில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பியும் போய்விட்டார். எனக்குச் சந்தோஷம்தான். கூடவே வயிறும் எரிந்தது. அந்த நோட்டுப் புத்தகத்தை மளிகைச் சாமான் எழுத வைத்துக்கொண்டேன்.

“அண்ணேன்னு கூப்பிடற பொம்பளகிட்ட உனக்கு என்னக்கா பொறாம?” என்று என் தங்கை கேட்டாள். நான் நினைத்தது அந்தப் பொறாமை இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். சொந்தப் பெண்டாட்டி சொன்னால் காதில் ஏறாதது, அடுத்தவள் கேட்டால் காலில் இறங்குகிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் வீட்டுக்கு வருவது ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில். ஐம்பது வயதிருக்கும், ஒட்டி உலர்ந்த உடம்பு, ஆம்பிளைக் கடிகாரம், கன்வாஸ் சப்பாத்து. உள்ளே வந்ததும் நாற்காலியை இவருக்கு எதிரே போட மாட்டாள், பக்கத்தில் போட்டுக்கொள்வாள். இரண்டு பேரும் வாசலைப் பார்த்தபடி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆட்கள் போல உட்கார்ந்திருப்பார்கள். நான் எதிரே நிற்பேன்.

அவளும் தோட்டத்தில் பிறந்தவள், சுங்கை சிப்புட் பக்கம். இவர் லகாட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை. நான் புந்தோங்கில், ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ரப்பர் மரத்தைப் பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி. அவர்கள் இரண்டு பேரும் பெரட்டு, நிரை, மங்கு என்று தோட்டத்துப் பேச்சை ஆரம்பித்துவிட்டால் எனக்கு அங்கே வேலையே இருக்காது. கல்யாணமான புதிதில் தோட்டத்துக் கதைகளை இவர் என்னிடமும் சொல்ல வந்திருக்கிறார். எனக்கு எங்கே பொறுமை இருந்தது? அட்டைக்கடியும் கொசுக்கடியும் ஒரு கதையா என்று சிரித்திருக்கிறேன். அதற்கப்புறம் அவர் சொல்வதை விட்டுவிட்டார். இப்போது அவளிடம் சொல்கிறார், நான் அடுப்படியிலிருந்து ஒட்டுக் கேட்கிறேன்.

இவருக்கு அப்போது ஒரு புதுத் தொந்தரவு. கேட்டைத் தாண்டுகிற இடத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் போகும், கால் வராது. நான் கையைப் பிடித்து இழுப்பேன். அப்போது இன்னும் மோசமாகும். அன்றைக்கு அவள் முன்னாலேயே அப்படி நின்றுவிட்டார். நான் ஓடினேன். அவள் ஓடவில்லை. தள்ளி நின்றபடியே கேட்டாள்.

“அண்ணே, சின்ன வயசுல நிரைல எப்படி நடப்பீங்க?”

மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற ஒரு பால்வெட்டுக்காரருக்கு ஒதுக்கிய மர வரிசைதான் நிரை. இதையும் நான் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

“அப்பா மரம் வெட்டிக்கிட்டு முன்னால போவாரு. நானு பின்னாலயே கட்டிப்பால் பொறுக்கிக்கிட்டுப் போவேன்” என்றார் இவர், நின்ற இடத்திலேயே. “ஒரு மரம் முடியறதுக்குள்ள கண்ணு அடுத்த மரத்துக்குப் போயிரும். யாரு கால பாத்தா?”

அவள் பேசவில்லை. இவர் தெருவைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு விளக்குக் கம்பம். அடுத்து ஒன்று. அப்படியே பாடாங் வரைக்கும் வரிசையாகப் பதினாலு கம்பங்கள்.

“அட, அந்தா நிக்குது லா மரம்” என்றார் இவர். கால் கிளம்பிவிட்டது. கேட்டைத் தாண்டிப் போய் முதல் கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

எங்களை என்றா எழுதினேன்? அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அன்றிலிருந்து தினமும் அதுதான் நடை. ஒவ்வொரு கம்பமாகக் கண்ணை நட்டுப் போவார், கையால் ஒரு தட்டுத் தட்டுவார், அடுத்ததற்குப் போவார். எதிர் வீட்டுச் சீன ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டு, உன் வீட்டுக்காரர் விளக்கு ரிப்பேர் வேலையில் சேர்ந்துவிட்டாரா என்று மலாயில் கேட்டாள். எனக்கு மானம் போயிற்று. இவருக்கு அதெல்லாம் இல்லை. “இன்னிக்கு முழு நிரையும் வெட்டியாச்சு” என்று வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்பார்.

அவளை என் பக்கம் இழுத்துப் பார்க்கலாம் என்றும் ஒரு முறை நினைத்தேன். எனக்குக் கைவந்தது நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. என் நெத்திலிச் சம்பலுக்கு இந்தத் தாமானில் எதிர்ப்பேச்சே கிடையாது. இலையில் கட்டிச் சுடச்சுடக் கொடுத்தேன். நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள்.

“எப்படி இருக்கு கோச்? பத்துக்கு எத்தனை?” என்று அவள் பாட்டையே அவளுக்குத் திருப்பிப் பாடினேன்.

கொஞ்சம் யோசித்தாள். “ஏழு, அக்கா.”

வீட்டுக்கு வந்த விருந்தாளி பத்து என்று சொல்வதற்கு என்ன கேடு? இவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். “ஏன் ஆறு இல்லன்னு கேளுங்கக்கா” என்றாள் அவள். நான் கேட்கவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவள் பொய் சொல்லத் தெரியாதவள் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு, திமிர் பிடித்தவள் என்று மட்டும்தான் தோன்றியது.

சட்டைப் பொத்தான் விஷயத்திலும் அப்படித்தான். நோய் வந்த நாளிலிருந்து இவருக்குப் பொத்தான் போட்டுவிடுவது என் வேலை. நடுங்குகிற விரலோடு அவர் மல்லுக்கட்டுவதைப் பார்க்க என்னால் முடியாது. ஒரு நிமிடத்தில் நான் போட்டுவிடுவேன். ஒரு நாள் அவள் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டாள். இவர் மேல் பொத்தானில் தடுமாறிக்கொண்டிருந்தார். என் கை நீண்டது.

“அக்கா, ஒரு கோப்பி ஓ கெடைக்குமா?”

அதற்கு முன்னால் என்னிடம் அவள் எதுவும் கேட்டதில்லை. சரி என்று உள்ளே போய்த் தண்ணீர் சூடு பண்ணிப் பாலில்லாமல் கலக்கிக் கொண்டு வந்தேன். ஆறில் ஐந்து பொத்தான் போட்டிருந்தது. எல்லாம் ஒரு துளை தள்ளி. காலர் ஒரு பக்கம் ஏறி, சட்டை ஒரு பக்கம் இறங்கி, பைத்தியக்காரர் கோலம். அவள் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை, கோப்பியைக் குடித்தாள். இவர் அந்தக் கோலத்தோடேயே பதினாலு கம்பத்தையும் தட்டிவிட்டு வந்தார். மத்தியானம் பாசாருக்கும் அப்படியே வந்தார். எனக்கு நாள் பூராவும் விரல் அரித்துக்கொண்டே இருந்தது. என்னை அடுப்படிக்கு அனுப்பத்தான் கோப்பி கேட்டாள் என்பது பாசாரில் மீன் வாங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு வந்த கோபத்தில் மீன்காரன் பயந்துபோனான்.

இனிச் சொல்லப் போவது நான் செய்த தப்பு. நாலாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. இவர் அன்றைக்குத் தாமதமாக எழுந்து சவரம் செய்துகொண்டிருந்தார், குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. போன் அன்றைக்குக் கொஞ்சம் முந்திக்கொண்டது. நான் எடுத்தேன்.

“அவரு தூங்கறாரு கோச்.”

தண்ணீர்ச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். வழக்கம் போலச் சும்மா இருந்தாள். பிறகு, “சரிக்கா. நீங்க எப்படி இருக்கீங்க?” என்றாள்.

ஒரு வருடத்துக்கு மேலாக என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. டாக்டர் கேட்டதில்லை, கோலாலம்பூரிலிருந்து போன் போடுகிற பிள்ளைகள் கேட்டதில்லை. எல்லாரும் “அப்பா எப்படி” என்பார்கள். இவளிடமா அழுவது என்று “நல்லா இருக்கேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இவர் வந்து உட்கார்ந்தார். ஒன்பது ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று. “போன் வரலியா?” என்றார். “இல்லியே” என்றேன். பத்து மணி. கழுத்தில் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. வலது கை தொடையில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு போனையே பார்த்தபடி இருந்தார். டீ வைத்தேன், தொடவில்லை. பதினொரு மணிக்கு என்னால் தாங்க முடியவில்லை.

“வந்துச்சு. நாந்தான் தூங்கறீங்கன்னு சொல்லிட்டேன்.”

கத்துவார் என்று நினைத்தேன். “ஏன்?” என்றார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அதையும் அவளிடமிருந்து படித்துக்கொண்டார் போலிருக்கிறது.

“அவகிட்ட மட்டும் சிரிக்கிறீங்க” என்றேன். அறுபது வயதை நெருங்குகிறவள் சொல்கிற பேச்சா? சொல்லிவிட்டேன்.

இவர் கழுத்தில் காய்ந்த நுரையைச் சுரண்டினார். “உன்கிட்ட சிரிச்சா, மாத்திர போட்டாச்சான்னு கேக்கற லா.”

அந்த நேரத்தில்கூட, பத்து மணி மாத்திரை போடவில்லை என்பதுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆறு மாதம் முடிந்தது. கடைசி முறை வந்தபோது, இவரோடு பாடாங் வரைக்கும் நடந்துவிட்டு வந்தாள். நான் கேட்டிலேயே நின்றுகொண்டேன். மோட்டாரைக் கிளப்புவதற்கு முன்னால், “அண்ணே, போன் இல்லாமலும் நடப்பீங்கன்னு பத்துக்கு எத்தனை?” என்றாள். “எட்டு” என்றார் இவர். “வாரேன்கா” என்று எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் இவர் நடக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இரண்டு வாரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முதல் இரண்டு நாள், எட்டின் லட்சணத்தைப் பார்த்தாயா கோச் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. உண்மையைத்தான் சொல்கிறேன். மூன்றாம் நாள் பயம் வந்தது. நடை மறுபடியும் குறுகியது, அடுப்படி வாசலில்கூடக் கால் ஒட்டிக்கொண்டது. இப்படியே விட்டால் நாற்காலி மனிதர் ஆகிவிடுவார். பழையபடி கெஞ்சினேன், கத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே கம்பம். நான் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டேன். எதிரே போடவில்லை. இதைச் செய்ய எவ்வளவு வெட்கமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

“ஏங்க, இன்னிக்கு நடப்பீங்கன்னு பத்துக்கு எத்தனை?”

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். எதிர் வீட்டு ஆன்ட்டி துணி காயப்போட்டு முடிக்கிற வரைக்கும் கடித்துக்கொண்டே இருந்தேன்.

“மூணு” என்றார்.

“கோச்சுக்கு எப்பவும் எட்டுன்னு சொல்லுவீங்களே?”

“அவங்களுக்கு எட்டு லா. வெளியாளு. ஒருநாளும் எட்டெல்லாம் இருந்ததில்ல” என்றார். நடுங்கும் கையைப் பார்த்துக்கொண்டார். “பயமா இருக்கு. நடுரோட்டுல கால் நின்னுட்டா என்னா செய்யறது? உன்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?”

ஆறு மாதம் நான் பொறாமைப்பட்டது அந்த எட்டைப் பார்த்து. சவரம் செய்து, எண்ணெய் தடவி, சட்டை போட்டுக்கொண்டு போய் அவளிடம் கொடுத்த எட்டு. கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“ஏன் ரெண்டு இல்ல?”

அவர் காலை நீட்டிக் காட்டினார். “சப்பாத்து போட்டுட்டேனே.”

போட்டிருந்தார். எனக்குத் தெரியாமல் எப்போது போட்டாரோ. இடது கால் கயிறு சரியாக முடிச்சு விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து கட்டிவிடப் போன கையை மடிக்குள் அழுத்திக்கொண்டேன். அவரே குனிந்தார். கட்டி முடிக்க வெகு நேரமாயிற்று. பிறகு எழுந்து, எதிர்க் கம்பத்தைப் பார்த்தார். அன்றைக்கு நாலு கம்பம்தான் வெட்டினார். பரவாயில்லை.

அதற்கப்புறம் தினமும் கேட்கிறேன். ஐந்து என்கிற நாள் உண்டு, ஒன்று என்கிற நாள் உண்டு. ஒரு நாள் சைபர் என்றார். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி இரண்டு பேரும் நடந்தோம். லகாட் தோட்டத்துக் கதை ஒன்று சொன்னார். நான் சிரிக்கவில்லை.

போன மாதம் பாசாரில் அவளைப் பார்த்தேன். மூன்று வருடம் ஆகிறது, அதே ஆம்பிளைக் கடிகாரம். கங்கோங் கீரைக் கட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“அக்கா! அண்ணே எப்படி இருக்காரு? நடக்கறாரா?”

“நடக்கறாரு. தெனமும்.”

“பத்துக்கு எத்தனை இருக்கும்?”

அன்று காலையில் அவர் சொன்னது மூணு.

“எட்டு” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். “ஏன் ஏழு இல்ல?” என்று கேட்டுவிட்டு, அவள் வழக்கப்படி சும்மா நின்றாள். நானும் சும்மா நின்றேன். கீரைக்காரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் அவள்தான் சிரித்துவிட்டு, கீரையை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

மூணை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அது என்னுடையது.